கணனிப் பக்கம்: கூப்பிடு தூரத்துக்கு அப்பால் ஒரு பிறின்ரர்

பிறின்ரர் வீட்டில் இருக்கிறது. கணனியும் அதே வீட்டில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு சுவர் மட்டுமே. ஆனாலும் பிறின்ரரைக் காணவில்லை என்று கணனி அடம்பிடிக்கிறது. பலெர்மோவில் எம்மவர் வீடுகளிலும், கடைகளிலும், பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் மண்டபங்களிலும் இந்தக் கதை நடந்துகொண்டே இருக்கிறது. பிறின்ரர் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் புதியதொன்றை வாங்கியவர்களும் உண்டு. வாங்கிவந்த புதியதையும் கணனி காணவில்லை என்பதுதான் கதையின் மீதி.

ஒரு தாள் அச்சடிப்பதற்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கக்கூடும். சொஜோர்னோ புதுப்பிக்கப் போனவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 2006 டிசம்பரில் இருந்து வதிவிட அனுமதி விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தபாற்கந்தோர் வழியாகவே போகின்றன. நிரப்பிய படிவத்தோடு கடவுச்சீட்டின் பிரதி, பழைய சொஜோர்னோவின் பிரதி, வருமானத்தைக் காட்டும் தாள்கள் எல்லாவற்றையும் அந்த உறைக்குள் வைக்கவேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் குவெஸ்துராவில் இருந்து மறுபடி கடிதம் வரும், காத்திருப்பு நீளும். இன்னொரு பக்கத்தில், கொமுனேயில் வரிசையில் நின்று எடுத்த வதிவிடச் சான்றிதழையும் குடும்பச் சான்றிதழையும் 2021 நவம்பர் 15ஆம் திகதி முதல் மின் அடையாளம் உள்ளவர்கள் இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். வரிசை போய்விட்டது, அச்சடிக்கும் வேலை எங்கள் கைக்கு வந்துவிட்டது. பிரதி எடுக்கும் கடைகள் இருக்கின்றனதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு அவை திறந்திருப்பதில்லை, ஓகஸ்ட் நடுப்பகுதியில் இந்த நகரத்தில் எதை நம்பியும் இருக்கமுடியாது. அதைவிட, முன்பின் தெரியாத கணனியில் எங்கள் கடவுச்சீட்டைத் திறந்து அச்சடித்துவிட்டு, கோப்பை அழிக்காமல் எழுந்து வருவதை நாம் யாருக்கும் சிபார்சு செய்யமாட்டோம். எனவே வீட்டுப் பிறின்ரர் தேவையான நேரத்தில் வேலை செய்யவேண்டும்.

அது ஏன் வேலை செய்வதில்லை? காரணம் பெரும்பாலும் பிறின்ரரில் இல்லை. வீட்டுச் சுவரில் இருக்கிறது.

பலெர்மோவின் பழைய பகுதியில், பல்லாரோச் சந்தையைச் சுற்றியும் வியா மக்குவேதாவின் இருபுறத்துச் சந்துகளிலும் உள்ள வீடுகள் இந்த மண்ணின் மஞ்சள் சுண்ணக்கல்லால் கட்டப்பட்டவை. எங்கள் ஊர்ச் சுண்ணக்கல் வீடுகளை நினைவுபடுத்தும் சுவர்கள்; அரை மீற்றர் தடிப்பென்பது இங்கே அபூர்வமல்ல. வெயிலுக்கு நல்லது. வானலைக்குக் கூடாது. இணையக் கம்பனி தந்த பெட்டி முன்னறையில் இருந்தால் பின்னறையில் வைபை செத்துவிடும். ஆகவே வீட்டுக்காரர் ஐம்பது யூரோவுக்குள் இன்னொரு றூற்றர் வாங்கி, கேபிளால் முதற்பெட்டியோடு தொடுத்துப் பின்னறையில் வைக்கிறார். பின்னறையில் இணையம் அருமையாக வருகிறது. அன்றிலிருந்து பிறின்ரர் காணாமற் போகிறது.

என்ன நடந்ததென்றால், ஒரு வீட்டுக்குள் இரண்டு ஒழுங்கைகள் உருவாகிவிட்டன. கணனிக்காரர்கள் இதைச் சப்நெற் என்பார்கள். நாம் ஒழுங்கை என்றே சொல்லிக்கொண்டு போவோம், விளங்கச் சுகமாக இருக்கும்.

வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு எண்கள் கொண்ட விலாசம் உண்டு. உதாரணமாக 192.168.1.25. அதோடு 255.255.255.0 என்று இன்னொரு வரியும் இருக்கும். அதை முகமூடி என்று மொழிபெயர்த்துக் குழப்பாமல், அது சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்வோம்: முதல் மூன்று எண்களும் ஒழுங்கையின் பெயர், கடைசி எண் வீட்டிலக்கம். 192.168.1.25 என்ற கணனிக்கு 192.168.1.40 என்ற பிறின்ரர் அதே ஒழுங்கை. 192.168.0.40 என்றால் வேறு ஒழுங்கை. அதே ஒழுங்கைக்குள் என்றால் கணனி நேரே போய்ப் படலையைத் தட்டும். வேறு ஒழுங்கை என்றால் சந்தியில் நிற்கும் தபால்காரரிடம் கொடுத்துவிடும். அந்தத் தபால்காரர்தான் றூற்றர்.

இந்த ஒழுங்கை பிரிக்கும் முறை 1985இல் வகுக்கப்பட்டது. பெரிய வலையமைப்புகளைச் சிறு துண்டுகளாக்கி நிர்வகிக்கவேண்டியிருந்தது. பின்னர் 1996 பெப்ரவரியில், 192.168 என்று தொடங்கும் விலாசங்களும் 10 என்று தொடங்குபவையும் இன்னும் ஒரு தொகுதியும் எவரும் தங்கள் வீட்டுக்குள் பாவிக்கலாம், வெளி இணையத்தில் அவை செல்லாது என்று இன்று நடைமுறையில் உள்ள விதி வந்தது. அதனால்தான் பலெர்மோவில் உங்கள் வீட்டிலும் ரொறன்ரோவில் உங்கள் தம்பி வீட்டிலும் அதே 192.168.1.1 இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஸ்ரேசன் றோட் இருப்பதைப் போல.

ஒரு சிறு பக்கக் கதை. உள்ளூர் வலையமைப்பு என்ற ஈதர்நெற்றுக்கான யோசனையை 1973இல் அமெரிக்காவின் செறொக்ஸ் ஆய்வுகூடத்தில் பொப் மெற்காவ் எழுதினார். அங்கே அப்போது ஒரு புதிய லேசர் பிறின்ரர் உருவாகிக்கொண்டிருந்தது. அந்த ஒரு விலையுயர்ந்த யந்திரத்தைப் பல கணனிகள் பங்கிட வேண்டும் என்பது அந்த வேலைக்குப் பின்னால் இருந்த தேவைகளில் முக்கியமானது. பிறின்ரருக்காகவும் போட்ட பாதையில் இன்று உலகமெல்லாம் படம் பார்க்கிறது, பிறின்ரரைத்தான் காணவில்லை.

இனி, காணவில்லை என்ற சொல்லைக் கவனியுங்கள். இங்கேதான் பலர் வழிதவறுகிறார்கள்.

கைத்தொலைபேசியோ கணனியோ பிறின்ரரைத் தேடும்போது அது விலாசம் பார்த்துப் போவதில்லை. ஒழுங்கையில் நின்று சத்தம் போடுகிறது: இங்கே அச்சடிக்கிறவர் யாராவது இருக்கிறீர்களா? பிறின்ரர் கேட்டால், நான் இருக்கிறேன் என்று பதில் கொடுக்கும். அப்பிள் நிறுவனம் 2010இல் கொண்டுவந்த ஏர்பிறின்ற் இப்படித்தான் வேலை செய்கிறது. மற்றக் கைத்தொலைபேசிகளும் அப்படியே. இந்தச் சத்தத்துக்கென்று 224.0.0.251 என்று ஒரு விலாசமும் 5353 என்று ஒரு வாசல் இலக்கமும் ஒதுக்கப்பட்டுள்ளன. விதி என்னவென்றால், இந்தச் சத்தத்தைத் தபால்காரர் அடுத்த ஒழுங்கைக்குக் கொண்டுபோகக் கூடாது. கூப்பிடு தூரம் மட்டும்தான். அந்த விதி இல்லாவிட்டால் பெரிய அலுவலகமொன்றில் ஆயிரம் கணனிகளும் போடும் கூச்சலில் ஒரு வேலையும் நடவாது. ஆகவே அது குறைபாடல்ல.

ஆனால் கூப்பிட்டால் கேட்காது என்பதற்காகப் போகவே முடியாது என்று ஆகிவிடாது. விலாசம் எழுதிய கடிதம் போகும் இடத்துக்குச் சத்தம் போகாது, அவ்வளவுதான். எனவே முதல் வேலை, பிறின்ரரின் விலாசத்தைக் கண்டுபிடிப்பது. பிறின்ரரின் சிறு திரையில் வலையமைப்பு என்ற பகுதிக்குள் அது இருக்கும். திரை இல்லாதவற்றில் வலையமைப்பு விபரத்தாள் ஒன்றை அச்சடிக்கும் வசதி இருக்கும். அந்த எண்ணைக் கணனியில் இணையப்பக்கம் திறக்கும் இடத்தில், மேலே விலாசம் எழுதும் கோட்டில் அப்படியே எழுதுங்கள். பிறின்ரரின் சொந்தப் பக்கம், மையின் அளவு காட்டும் படத்தோடு திறந்தால் பாதை இருக்கிறது. பிறகு அலைய வேண்டியதில்லை. வின்டோசில் பிறின்ரர் சேர்க்கும் இடத்தில், தானாகத் தேடுவதை விட்டுவிட்டு, கையால் சேர்ப்பது, ஐபி விலாசத்தால் சேர்ப்பது என்ற வழியைத் தெரிவு செய்யவேண்டும். மக் கணனியில் பூகோளப் படம் உள்ள பொத்தான். அன்ட்றொயிட் தொலைபேசிகள் பலவற்றிலும் அச்சடிக்கும் சேவைக்குள் எண்ணை எழுதும் இடம் உண்டு. ஐபோனில் சாதாரணமாக அப்படியொரு இடம் இல்லை. அதற்குப் பிறின்ரர் கம்பனியின் செயலியை முயற்சிக்கலாம், அல்லது கீழே சொல்லும் வேறு வழியைப் பார்க்கலாம்.

பக்கம் திறக்கவில்லையென்றால்? அப்போது யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். இரண்டு பெட்டி உள்ள வீட்டில் பாதை ஒருவழிப் பாதை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னறைப் பெட்டிக்குள் இருக்கும் கணனி, முன்னறைப் பெட்டியோடு தொடுத்த பிறின்ரரிடம் போகமுடியும். ஏனென்றால் இணையத்துக்குப் போகும் வழியே முன்னறையூடாகத்தான். தபால்காரர் கடிதத்தை வாங்கி, அனுப்புநர் இடத்தில் தன் பெயரை எழுதிக் கொண்டுபோவார், பதிலையும் திருப்பிக் கொண்டுவந்து தருவார். மறுவளமாக முன்னறைக் கணனி பின்னறைப் பிறின்ரரிடம் போகமுடியாது. பின்னறைப் பெட்டி, தன் உள்ளே இருப்பவர்களை வெளியே காட்டாமல் கதவைப் பூட்டிவைத்திருக்கும். ஆகவே ஒரு சதமும் செலவில்லாத பரிகாரம்: பிறின்ரரைப் பின்னறைப் பெட்டியில் இருந்து கழற்றி முன்னறைப் பெட்டியோடு தொடுத்துவிடுங்கள்.

அதைவிடச் சிறந்த பரிகாரம் இரண்டு ஒழுங்கையையும் ஒன்றாக்குவது. இரண்டாவது றூற்றருக்குத் தபால்காரர் வேலை வேண்டாம், வானலை பரப்பும் வேலை மட்டும் போதும் என்று சொல்லிவிடலாம். பல பெட்டிகளில் அக்சஸ் பொயின்ற் என்ற நிலைக்கு மாற்றும் தெரிவு இருக்கிறது. அது இல்லாத பழைய பெட்டியென்றால், முதலில் அதற்கு முன்னறை ஒழுங்கையில் வேறு எவருக்கும் இல்லாத விலாசமொன்றைக் கொடுத்து, விலாசம் பங்கிடும் வேலையை நிறுத்தி, பிறகு கேபிளை நிறம் வேறான இணைய வாசலில் இருந்து கழற்றிச் சாதாரண நான்கு வாசல்களில் ஒன்றில் செருகவேண்டும். ஒழுங்கு முக்கியம். கேபிளை முதலில் மாற்றினால் இரண்டு பெட்டிகளும் போட்டிபோட்டு விலாசம் கொடுத்து முழு வீட்டையும் குழப்பிவிடும். ஒழுங்காகச் செய்தால் வீடு முழுவதும் ஒரே ஒழுங்கை, ஐபோன் உட்பட எல்லாம் பிறின்ரரைத் தாமாகவே கண்டுகொள்ளும். எம்மைக் கேட்டால் சாதாரண வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தேவையேயில்லை.

தமிழ்ப் பள்ளி நடக்கும் மண்டபங்களின் கதை வேறு. கோவிலோ பாடசாலையோ தந்த இடத்தில், அவர்களுடைய விருந்தினர் வைபையில் இருந்துகொண்டு, அவர்களுடைய அலுவலகப் பிறின்ரரில் வினாத்தாள் அச்சடிக்க நினைக்கிறோம். அங்கே ஒழுங்கை தற்செயலாகப் பிரியவில்லை. வேண்டுமென்றே வேலி போட்டிருக்கிறார்கள். ஞானஸ்நானப் பதிவுகளோ பிள்ளைகளின் புள்ளிகளோ உள்ள கணனிகளை வந்தவர் போனவர் தொடக்கூடாது என்பதற்காகப் போட்ட வேலி. அதைத் தாண்டும் வழி தேடுவது மரியாதையல்ல. கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. விருந்தினர் வலையில் இருந்து அந்த ஒரு பிறின்ரரின் விலாசத்துக்கு மட்டும், 631 அல்லது 9100 என்ற வாசலுக்கு மட்டும் வழிவிட முடியுமா என்று அவர்களின் கணனிப் பொறுப்பாளரிடம் கேட்கலாம். விசயம் தெரிந்தவருக்கு அது சில நிமிட வேலை. சத்தத்தையும் வேலிக்கு அப்பால் திருப்பிச் சொல்லும் கருவிகள் உண்டு. அவாகி என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். இத்தாலிய மொழியில் விருந்தினர் வலை ரேத்தே ஓஸ்பித்தி, பிறின்ரர் ஸ்தம்பாந்தே, மாறாத விலாசம் இந்திரித்சோ ஸ்தாத்திக்கோ. இந்த மூன்று சொல்லோடு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

முடியாது என்று சொன்னால் மனத்தாங்கல் வேண்டாம். அண்மைக்காலப் பிறின்ரர்கள் பலவற்றில் வைபை டிறெக்ற் என்ற வசதி இருக்கிறது. பிறின்ரர் தானே ஒரு சிறு வானலையைப் பரப்பும். தொலைபேசியை அதோடு தொடுத்தால் எந்த ஒழுங்கையும் தாண்டவேண்டியதில்லை, ஐபோனுக்கும் அது போதும். அல்லது இருக்கவே இருக்கிறது யூஎஸ்பி கேபிள். இரண்டு மீற்றர் வயர் தீர்க்கும் பிரச்சினைக்கு வலையமைப்புப் படிப்பு எதற்கு?

மூன்றாவது வகை, கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் இரண்டு கம்பனியின் இணைப்பு. இரண்டு இடத்திலும் 192.168.1 என்றே தொடங்கும், பார்த்தால் ஒரே ஒழுங்கை போல இருக்கும். ஆனால் ஒரே பெயருள்ள இரண்டு ஊர்கள். இரண்டும் சந்திக்கும் இடம் வெளியே இணையத்தில்தான். இந்த நிலையில் சிலர் செய்யும் வேலையைச் செய்யவே வேண்டாம் என்று நாம் வலியுறுத்திச் சொல்கிறோம். கடைப் பெட்டியில் 9100 வாசலைத் திறந்து இணையத்தில் இருந்து நேரே பிறின்ரருக்கு வழிவிடுவதுதான் அந்த வேலை. அந்த வாசலில் கடவுச்சொல் இல்லை, மறைகுறி இல்லை. வந்ததை அச்சடிக்கும், அவ்வளவுதான். 2018ஆம் ஆண்டு முடிவில் ஒருவர், உலகெங்கும் இப்படித் திறந்துகிடந்த பிறின்ரர்களைத் தேடியெடுத்து, ஒரு யூரியூப் ஒளிவழிக்கு ஆதரவு கேட்டுத் துண்டுப்பிரசுரம் அச்சடிக்கச் செய்தார். ஏறத்தாழ 50,000 பிறின்ரர்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். அன்று போனது காகிதமும் மையும். சில பெரிய பிறின்ரர்கள் அச்சடித்த கோப்புகளை உள்ளே சேமித்தும் வைக்கின்றன. எங்கள் கடவுச்சீட்டும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் அந்த வழியால் போகின்றன என்பதை நினைத்துப்பாருங்கள். மேலே இருப்பவர் கோப்பைக் கீழே உள்ளவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி அச்சடிக்கச் சொல்வது இதைவிட எத்தனையோ மேல். படிக்கட்டு வழியே ஒரு கேபிள் இறக்கி இரண்டையும் ஒரே இணைப்பாக்கினால் மாதக் கட்டணமும் ஒன்று மிச்சம்.

கேட்கப்படும் இன்னொரு கேள்வி: ஒரு மாதம் ஒழுங்காக வேலை செய்தது, பிறகு திடீரென்று நின்றுவிட்டது, ஏன்? விலாசம் மாறியிருக்கும். றூற்றர் விலாசங்களை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்தாலோ, பிறின்ரர் சில நாட்கள் நிறுத்தப்பட்டிருந்தாலோ 40 என்ற வீட்டிலக்கம் 52 ஆகிவிடலாம். கணனி பழைய படலையிலேயே தட்டிக்கொண்டிருக்கும். றூற்றரின் பக்கத்துக்குள் போய், இந்தப் பிறின்ரருக்கு எப்போதும் இந்த இலக்கமே என்று ஒதுக்கிவிட்டால் தொல்லை தீரும். வின்டோசில் இன்னொரு விசித்திரமும் உண்டு: பிறின்ரரின் பக்கம் நன்றாகத் திறக்கும், ஆனால் தொடர்பில் இல்லை என்று கணனி மங்கலாகக் காட்டும். பிறின்ரரின் வாசல் அமைப்புக்குள் எஸ்என்எம்பி என்றொரு பெட்டி தெரிவு செய்யப்பட்டிருக்கும். நலம் விசாரிக்கும் அந்தக் கடிதத்துக்கு வேறு ஒழுங்கையில் இருந்து பதில் வராததால் பிறின்ரர் இறந்துவிட்டதாகக் கணனி முடிவு செய்கிறது. அந்த அடையாளத்தை எடுத்துவிட்டால் போதும், பல வேளைகளில் உடனே அச்சடிக்கத் தொடங்கிவிடும்.

தமிழில் அச்சடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத வேறு கணனியில் திறந்தால், வருவது தமிழல்ல, ஆங்கில எழுத்துகளின் குப்பை. அது ஒழுங்கையின் குற்றமல்ல. அடித்த கணனியிலேயே பிடிஎவ் ஆக்கி அனுப்புங்கள்.

கடைசியாக, பிறின்ரரின் மேலுள்ள கண்ணாடியைப் பற்றி. குடியுரிமை விண்ணப்பம் 2015 முதல் இணையத்தின் வழியாகவே போகிறது. பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் சான்றிதழ், அவற்றின் மொழிபெயர்ப்புகள், 250 யூரோ கட்டிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஸ்கான் செய்து ஏற்றவேண்டும். அச்சடிக்கும்போது கணனி பிறின்ரரைத் தேடிப் போகிறது. பிறின்ரரின் பொத்தானை அமத்தி ஸ்கான் செய்யும்போது பிறின்ரர் கணனியைத் தேடி வருகிறது. மேலே சொன்ன ஒருவழிப் பாதை இப்போது எதிராகிவிடும்: பின்னறைக் கணனியில் இருந்து அருமையாக அச்சடித்த அதே பிறின்ரர், ஸ்கான் செய்ததைப் பின்னறைக்கு அனுப்பமுடியாமல் நிற்கும். அப்போது பொத்தானை அமத்தாதீர்கள். கணனியில் இருந்தே ஸ்கான் மென்பொருளைத் திறந்து, பிறின்ரரின் விலாசத்தைக் கொடுத்து, தாளை நீங்களே இழுத்து எடுங்கள். சில பிறின்ரர்களின் சொந்தப் பக்கத்திலேயே அதற்கு இடம் உண்டு. அதுவும் இல்லையென்றால் பிறின்ரரின் முன்பக்கத்தில் யூஎஸ்பி குச்சி செருகும் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள்; குச்சியில் எடுத்துக் கணனிக்குக் கொண்டுபோகலாம். வேலை முடிந்ததும் கண்ணாடியைத் திறந்து அசல் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்து இன்னொன்று எடுப்பிக்க மாதக்கணக்காகும்.